மண்புழு உரத் தேநீர்: நம் வெயிலுக்கும் நம் தண்ணீருக்கும் ஏற்றபடி

மண்புழு உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காற்றூட்டி, வடிகட்டிச் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் மாடித்தோட்டக்காரர்களிடையே வேகமாகப் பரவி வருகிறது. இதற்கு நம் கைக்குக் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்ந்த நாடுகளில் எழுதப்பட்டவை. ஒரு வாளி, ஒரு மீன்தொட்டிப் பம்பு, கொஞ்சம் கரும்புப்பாகு, ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரை காத்திருப்பு என்று அவை சொல்கின்றன. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் வாழும் நாம் அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் பல வேளைகளில் கெட்டுப்போன தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றுவோம். நம் வெயிலும் நம் தண்ணீரும் வேறு என்பதால், நேரத்தையும் அளவையும் ஊற்றும் முறையையும் நாமே நமக்காக வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு சிறு வீட்டுத் தோட்டத்தையும் மாடியில் சில வரிசைப் பைகளையும் வைத்துக்கொண்டு நான் கடைப்பிடிக்கும் முறையை, அதன் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் மூன்று நீர்மங்களைப் பிரித்துவிடலாம். புழுத்தொட்டியின் அடியில் தானாக வடிந்து சேரும் கருநிற நீர் கசிவுநீர். பாதி மட்கிய கழிவுகளின் ஊடாக வடிந்து வந்த அதில் உப்பும் கரிமச் சிதைவுப் பொருள்களும் என்ன அளவில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே அதைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து மரங்களுக்கு ஊற்றலாமே தவிர, நாற்றுகளுக்கு ஊற்றக் கூடாது. இரண்டாவது மண்புழு குளியல்நீர், அதாவது வெர்மிவாஷ். பீப்பாயில் கல், மணல், மண், சாணம், வைக்கோல் என்று அடுக்கி, புழுக்களை விட்டு, மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அடியில் குழாய் வழியே எடுப்பது. சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் தமிழ்நாட்டில் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். மூன்றாவதுதான் நான் பேச வந்த தேநீர்: முழுவதும் மட்கி முடிந்த, சலித்தெடுத்த உரத்திலிருந்து நுண்ணுயிர்களையும் கரையும் பொருள்களையும் தண்ணீருக்குள் கொண்டுவருவது.

இந்தத் தேநீரை ஓர் உரமாக எண்ணிக்கொள்வதில்தான் பெரும்பாலானவர்களின் ஏமாற்றம் தொடங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். மண்புழு உரத்தில், காய்ந்த எடையில், ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கும். ஈரமான உரத்தில் பாதி எடை தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவில் இருக்கும் தழைச்சத்து 5 முதல் 10 கிராம். அந்த ஒரு கிலோவைப் 10 லிட்டர் தண்ணீரில் போட்டு, அதில் உள்ள அத்தனையும் கரைந்துவிட்டது என்றே கொண்டாலும், ஒரு தக்காளிச் செடிக்கு ஊற்றும் அரை லிட்டரில் அரை கிராமுக்கு மேல் வராது. உண்மையில் பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்து துணிக்குள்ளேயே தங்கிவிடும். காய்க்கும் தக்காளியின் பசியை இது ஆற்றாது.

அப்படியானால் செடியில் தெரியும் மாற்றம் எங்கிருந்து வருகிறது? ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸும் நார்மன் அரான்கானும் அவர்களுடைய குழுவினரும் நெடுங்காலம் மண்புழு உரத்தை ஆராய்ந்தார்கள். சத்துகளின் அளவைச் சமமாக வைத்துக்கொண்டு சோதித்தபோதும் மண்புழு உரம் இட்ட செடிகள் கூடுதலாக வளர்வதைக் கண்ட அவர்கள், அதற்கு மட்கிய பொருளில் இருக்கும் ஹியூமிக் அமிலங்களையும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வளர்ச்சி ஊக்கிகளையும் காரணமாகக் காட்டினார்கள். தேநீரின் வழியே நாம் கொடுப்பதும் முதன்மையாக இவற்றைத்தான். ஆகவே வேர் விடும் பருவத்தில் இருக்கும் நாற்றுக்கும், தொட்டி மாற்றிய செடிக்கும், புதிதாக நட்ட ஒட்டு மாங்கன்றுக்கும் இது கைகொடுக்கிறது. சத்துக் குறைவால் வெளுத்து நிற்கும் செடிக்கு உரத்தைத்தான் இட வேண்டும்.

தேநீரின் தரம் புழுத்தொட்டியிலேயே முடிவாகிவிடுகிறது என்று நான் நம்புகிறேன். பம்பையும், காற்றைச் சிறு குமிழிகளாக்கும் காற்றுக்கல்லையும் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் அக்கறையில் பாதியைத் தொட்டியின் மேல் செலுத்தினாலே பலன் மாறிவிடும். நம் பகுதியில் விற்பனைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ் யூஜினியேவும், ஐசீனியா ஃபெடிடாவும். நம் நாட்டுக்கே உரிய பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும் தொட்டியில் நன்றாக வேலை செய்யும். எந்த இனமானாலும் 35 டிகிரியைத் தாண்டிய படுக்கையில் தவிக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் தகரக் கூரைக்குக் கீழே தொட்டி வைப்பது புழுக்களைக் கொல்வதற்குச் சமம். தென்னங்கீற்று வேய்ந்த பந்தல், மேலே ஈரக் கோணிப்பை, கால்களைச் சுற்றி எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணங்கள் ஆகிய மூன்றும் இருந்தால் கோடையைக் கடந்துவிடலாம்.

தொட்டிக்கு என்ன போடுகிறோம் என்பதில் நம் மாவட்டங்களுக்கென்று சில வசதிகளும் சில எச்சரிக்கைகளும் உண்டு. மாங்காய்க் காலத்தில் தோலும் கொட்டையும் குவியும். தோல் புளிப்பானது என்பதால், அதைச் சாணத்தோடு கலந்து சில நாள் தனியே மட்கவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தக்காளி விலை விழும் நாள்களில் ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். ஆனால் அழுகிய தக்காளி தண்ணீராக உருகிப் படுக்கையைச் சேறாக்கிவிடும். அதன் ஈரத்தைக் குடிக்கக் காய்ந்த இலையோ கேழ்வரகுத் தாளோ உடன் போட வேண்டும். எல்லாவற்றையும்விட நான் விரும்பிச் சேர்ப்பது பட்டுப்புழு வளர்ப்பு மனையிலிருந்து வரும் கழிவு. தின்று மிஞ்சிய மல்பெரி இலைக் காம்புகளும் புழுவின் எச்சமும் கலந்த அது தழைச்சத்து மிகுந்தது, மண்புழுக்களும் அதை விரும்பித் தின்கின்றன. பாலக்கோட்டில் மல்பெரி வைத்திருக்கும் என் சித்தப்பா முதல் மூட்டையைக் கொடுத்தபோதே சொல்லிவிட்டார்: "அப்படியே கொண்டுபோய்க் கொட்டிடாத கண்ணு. படுக்கைக்குத் தூவுன மருந்தும் சுண்ணாம்பும் அதுல இருக்கும். ஒரு வாரமாச்சும் நிழல்ல ஆறப்போட்டு, ஒரு கைப்பிடி போட்டுப் பாரு. புழு உள்ள போனா மிச்சத்தைப் போடு, விலகி ஓடுனா இன்னும் ஆறவிடு." வளர்ப்பு மனையில் நோய் வராமல் இருக்கக் கிருமிநீக்கிகள் பயன்படுவதால், இந்த ஒரு கைப்பிடிச் சோதனையைத் தவறாமல் செய்கிறேன். அண்மையில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தையும் சில வாரங்கள் தள்ளியே வாங்குகிறேன்.

தேநீருக்கு எடுக்கும் உரம் கருமையாக, பொலபொலவென்று, மழைக்குப் பின் எழும் மண்வாசனையோடு இருக்க வேண்டும். போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரிந்தால் அது இன்னும் முதிரவில்லை. கடையில் பாலித்தீன் பையில் காய்ந்து தூளாகக் கிடக்கும் உரத்தை மண்ணில் இடலாம், குறையில்லை. ஆனால் ஈரம் இழந்தபோதே அதன் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி மடிந்தோ உறங்கியோ போயிருக்கும் என்பதால் தேநீருக்கு அதை நான் எடுப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். நம் மாவட்டங்களின் அடியில் இருப்பது கருங்கல்லும் நைஸ் (gneiss) என்னும் உருமாறிய பாறையும். அவற்றின் வெடிப்புகளில் தேங்கி வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, பல ஊர்களில் ஃபுளோரைடு மிகுந்தது. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013 ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே இன்று பல வீடுகளில் இரண்டு தண்ணீரும் இருக்கின்றன: குழாயில் வரும் காவிரி நீர், போரில் வரும் உப்பு நீர். தேநீருக்குக் காவிரி நீரே ஏற்றது. அதில் குளோரின் கலந்திருப்பதால், அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும், அல்லது உரம் போடும் முன் ஓரிரு மணி நேரம் பம்பை ஓடவிட வேண்டும். கிருமிகளைக் கொல்வதற்கென்றே கலந்த பொருளை வைத்துக்கொண்டு நுண்ணுயிர்களைப் பெருக்க முடியாது. போர்த் தண்ணீர்தான் உண்டு என்றால் அதிலும் தேநீர் தயாராகும். ஆனால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும் அளவுக்குக் கடினமான நீரைத் திரும்பத் திரும்பப் பைகளில் ஊற்றினால், அந்த உப்பு வேர்ப்பகுதியில் சேர்ந்துகொண்டே போகும். ஃபுளோரைடைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது, கொதிக்கும்போது நீர் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். டிரசீனா, சிலந்திச் செடி போன்ற அழகுச் செடிகள் ஃபுளோரைடுக்கு இலை நுனி கருகிக் காட்டிக்கொடுக்கும். ஆடி, ஆவணி தொடங்கி ஐப்பசி வரை பெய்யும் மழையில் கூரைத் தண்ணீரை ஒரு டிரம்மிலாவது பிடித்து வைத்துக்கொண்டால், அதைவிட நல்ல தேநீர்த் தண்ணீர் வேறில்லை.

இனிக் காய்ச்சும் முறை. வழக்கில் காய்ச்சுவது என்றாலும் அடுப்புக்கு இதில் வேலையில்லை. 20 லிட்டர் வாளியில் 15 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். சலித்த ஈர உரம் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை, தளர்வாக நெய்த காடாத் துணியில் முடிந்து, கழுத்து நீரின் மட்டத்தில் இருக்கும்படி குச்சியில் கட்டித் தொங்கவிடுகிறேன். மூட்டையை இறுக்கிக் கட்டினால் நடுவில் தண்ணீர் புகாது. பாதிக்கு மேல் நிரப்பாமல், கையால் பிசைய இடம் இருக்கும்படி விட வேண்டும். மீன்தொட்டிப் பம்பிலிருந்து இரண்டு குழாய்கள், முனையில் காற்றுக்கற்கள். ஒன்று வாளியின் அடியில், மற்றொன்று மூட்டைக்குக் கீழே. நீரின் மேற்பரப்பு ஓயாமல் உருண்டுகொண்டிருக்க வேண்டும்; ஓரத்தில் நாலு குமிழி எழுவது போதாது.

எத்தனை மணி நேரம் என்ற கேள்வியில்தான் நம் வெயில் குறுக்கிடுகிறது. நீர் சூடாகச் சூடாக அது பிடித்துவைக்கும் உயிர்வளி (ஆக்சிஜன்) குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான், 35 டிகிரியில் 7 மில்லிகிராம். அதே வேளையில் நுண்ணுயிர்களின் மூச்சோ வெப்பத்தோடு பெருகுகிறது. பத்து டிகிரி கூடினால் அவற்றின் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வரவு குறைந்து செலவு கூடும் இந்த நிலையில், குளிர்நாட்டில் 36 மணி நேரம் தாங்கும் வாளி நம் பங்குனி வெயிலில் அதற்குள் பாதி நேரத்திலேயே மூச்சுத் திணறி, உயிர்வளி வேண்டாத கிருமிகளின் கைக்குப் போய்விடும். ஆகவே கோடையில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊற்றிவிடுவதையே வழக்கமாக வைத்திருக்கிறேன். கார்த்திகையிலிருந்து மாசி வரை ஒரு முழு நாள் விடலாம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலும் மார்கழிக் குளிரில் இன்னும் சில மணி நேரம் கூட்டினாலும் தவறில்லை.

முடிந்த தேநீர் மண்வாசனையோடு இருக்கும். சாக்கடை வாடையோ, அழுகிய முட்டை வாடையோ, புளித்த கள்ளின் நெடியோ வந்தால் தயக்கமின்றி உரக்குழியில் கொட்டிவிட வேண்டும். மேலே நுரை திரண்டிருப்பதை நல்ல தேநீரின் அடையாளமாகப் பலர் காட்டுகிறார்கள். கரைந்த புரதமும் இனிப்பும் காற்றும் சேர்ந்தால் நுரை வரும், அவ்வளவே. நுரையில்லாத நல்ல தேநீரும் உண்டு, நுரை பொங்கும் கெட்ட தேநீரும் உண்டு. மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

இனிப்புச் சேர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரும்புப்பாகோ நாட்டு வெல்லமோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் பெருகும் என்பது உண்மை. ஆனால் வெல்லத்துக்கு நல்லது கெட்டது என்ற வேறுபாடு தெரியாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உரத்தில் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் சிறிதளவே இருந்தாலும் ஊட்டப் பொருள்கள் சேர்த்த தேநீரில் அவை பெருகுவதும், அவற்றைச் சேர்க்காத தேநீரில் அவ்வாறு பெருகாததும் தெரியவந்தது. நம் புழுத்தொட்டிகளில் முதன்மையான பொருள் மாட்டுச் சாணம். புழுவின் குடல் வழியே சென்று வந்தால் கிருமிகள் பெரிதும் குறையும் என்றாலும், வீட்டுத் தொட்டியில் ஒவ்வொரு பிடியும் அவ்வாறு சென்று வந்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே நான் இனிப்பே சேர்ப்பதில்லை. சேர்த்தே தீர வேண்டும் என்பவர்கள் 15 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டியைத் தாண்டாமல், பூச்செடிக்கும் மரங்களுக்கும் மட்டும் அந்தத் தேநீரைப் பயன்படுத்துவது நல்லது. கொத்தமல்லி, புதினா, கீரை, சாலட் இலைகள் ஆகியவற்றின் மேல் இனிப்புச் சேர்த்த தேநீரையும் தெளிக்கக் கூடாது, சேர்க்காததையும் தெளிக்கக் கூடாது. அவற்றுக்கு மண்ணில் ஊற்றினாலே போதும்.

பம்பு இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அர்ச்சனா பந்தும் தியோடர் ராடோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் பாக் சோய் கீரையில் நடத்தி 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. காற்றூட்டிய தேநீர், காற்றூட்டாத தேநீர், காற்றோடு ஊட்டப் பொருளும் சேர்த்த தேநீர் என்று மூன்றையும் ஒப்பிட்டபோது, மூன்றும் செடியின் வளர்ச்சியை ஏறத்தாழ ஒரே அளவில் கூட்டின. மண்புழு உரம் இட்ட மண்ணில்தான் தேநீரின் பலன் மிகவும் தெளிவாகத் தெரிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: நம் கோடையில், மின்சாரமும் நிலையாக இல்லாத இரவுகளில், ஊறவைப்பதையே விட்டுவிட்டு உடனடிச் சாறு எடுக்கலாம். துணிமூட்டையைத் தண்ணீருக்குள் அமுக்கி, கால் மணி நேரம் நன்றாகப் பிசைந்து, நீர் டிக்காஷன் நிறத்துக்கு வந்ததும் எடுத்து, அப்போதே ஊற்றிவிட வேண்டும். நுண்ணுயிர்கள் பெருகும் வேலையை வாளியில் செய்யாமல் மண்ணில் செய்துகொள்ளட்டும். கெட்டுப்போகும் வாய்ப்பே இதில் இல்லை என்பதால் சித்திரை, வைகாசி மாதங்களில் எனக்கு இதுவே முதல் தெரிவு.

ஊற்றும் முறைக்கு வருவோம். நம்முடையது பெரும்பாலும் செம்மண். நீர் எளிதில் இறங்கும், கரிமப் பொருள் குறைவு, வெயிலில் மேல்மண் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். வெறும் செம்மண்ணில் நண்பகலில் ஊற்றிய தேநீரின் நுண்ணுயிர்கள் தின்ன ஒன்றுமில்லாமல் வெந்துபோகும். மூடாக்குப் போட்ட மண்ணில்தான் தேநீருக்குப் பொருள் உண்டு என்று திட்டமாகச் சொல்வேன். நிலக்கடலைத் தொலி, கேழ்வரகுத் தாள், தென்னை மட்டைத் தூள், மாவிலைச் சருகு என்று கிடைப்பதை இரண்டு அங்குலம் பரப்பி, முந்தைய நாளே வெறும் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக்கி, மறுநாள் காலையில் மூடாக்கை விலக்கித் தேநீரை ஊற்றி, மறுபடியும் மூடிவிட வேண்டும். பம்பை நிறுத்திய பின் நான்கு மணி நேரத்துக்குள் ஊற்றி முடிப்பது அவசியம். மூடிய பாட்டிலில் சேமித்து வைப்பது பயனற்றது.

மாடிப் பைக்கு அரை லிட்டர், தரையில் நட்ட கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு அதே அளவு, இரண்டு மூன்று வயது ஒட்டு மாமரத்துக்கு மூன்று லிட்டர் வரை. மாமரத்துக்குத் தண்டை ஒட்டி ஊற்றாமல், கிளை நுனிகளுக்கு நேர் கீழே வட்டமாக ஊற்ற வேண்டும், உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. நாற்றுக் குழித்தட்டுகளுக்குச் சம அளவு தண்ணீர் கலந்து பூவாளியால் விடலாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும், அடிக்கடி ஊற்றுவதால் கூடுதல் பலன் எதையும் நான் பார்த்ததில்லை.

இலைவழியாகத் தெளிப்பதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் வீட்டுத் தோட்டக்காரர்கள் கரும்புள்ளி நோய்க்கு இதை நம்புகிறார்கள். நோயைத் தடுப்பதில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட் இந்தக் காரணத்தாலேயே காற்றூட்டிய தேநீரை நோய்மருந்தாகப் பரிந்துரைப்பதைத் தொடர்ந்து மறுத்து எழுதி வருகிறார். நானும் அந்த வாதத்தை ஏற்கிறேன். நோய் கண்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துவதும், இலை நனையாமல் நீர் விடுவதும், செடிகளுக்கிடையே காற்றோட்டம் விடுவதும் ரோஜாவுக்கு உறுதியாகப் பயன் தருபவை. தெளிக்க விரும்புவோர் இருமுறை வடிகட்டி, மாலை ஐந்து மணிக்கு மேல் இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளிக்கலாம். போர்டோ கலவை போன்ற செம்புச் சேர்மங்கள் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால், அவற்றுக்கும் தேநீருக்கும் இடையே சில நாள் இடைவெளி வேண்டும்.

பலன் உண்டா என்று அறிய விரும்பினால், ஒரே நாளில் விதைத்த நாற்றுகளை மூன்று பிரிவாக்கி, ஒன்றுக்குத் தேநீர், ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு அதே அளவு உரத்தை நேரடியாக மண்ணில் இடுவது என்று நடத்திப் பாருங்கள். மூன்றாவது பிரிவை யாரும் வைப்பதில்லை. அதை வைத்தால்தான், உரம் செய்த வேலை எது, வாளி செய்த வேலை எது என்பது தெரியும். பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்களில் மண்புழு உரத் தயாரிப்பு பற்றி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேலை முடிந்த உடனே வாளி, குழாய், காற்றுக்கல் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். குழாயின் உட்புறத்தில் படியும் வழுவழுப்பான படலம் அடுத்த தேநீரைக் கெடுக்கும். துணிமூட்டையில் மிஞ்சிய சக்கையை இரண்டாம் முறை ஊறவைக்காதீர்கள். அதில் கரையாத சத்து இன்னும் நிறைய இருக்கிறது. கறிவேப்பிலைக்கோ முருங்கைக்கோ அடியில் போட்டு மூடாக்கால் மூடிவிட்டால், வேர் அதை மெல்ல எடுத்துக்கொள்ளும்.